எல்லை நிபந்தனை

கிளிநொச்சி வளாகத்தில் எங்கள் மாணவியின் ஆய்வை வாய்மொழித் தேர்வில் சோதிக்க வந்த பேராசிரியரை அன்று மட்டுமே பார்த்தேன். மெலிந்த, மிகச் சுத்தமான மனிதர். மேசையைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

காந்தப்புலத்துக்குள் அடைத்த பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயு எவ்வளவு நேரம் சூடு குறையாமல் நிற்கும் என்பது அவளுடைய கணக்கு. சுற்றுச்சுவரிலிருந்து துகள் எதுவும் உள்ளே வந்து அதைக் குலைக்காது என்பதை எல்லை நிபந்தனையாக எடுத்திருந்தாள்.

“நீர் எந்த ஊர்?”

“முள்ளிவாய்க்கால், சேர்.”

“சண்டை நேரம் அங்கதானே இருந்தனீர்?”

“ஓம், சேர்.”

“பிறகு எப்பிடி, எல்லைக்கு உள்ளுக்க ஒண்டும் வராதெண்டு எழுதினனீர்?”

இயற்பியலில் அது மிகச் சரியான கேள்வி. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் கண்ணீர் மேசையில் விழுந்தது. அவர் அதையும் துடைத்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.