தொட்டி வாயில் ஒரு நாற்காலி

பெருங்குடியில் நாங்கள் இருந்த தெருவுக்கு அந்த நாட்களில் இரண்டு லாரிகள் வரும். ஒன்று தண்ணீர் கொண்டுவரும். மற்றது கழிவுநீரை எடுத்துப்போகும். பாதாளச் சாக்கடை இன்னும் வந்திருக்கவில்லை. தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒரு முறை, செப்டிக் டேங்க் லாரி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஹாரன் சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று அம்மா சொல்லிவிடுவாள். இப்போது அடையாறில் நாலாவது மாடியில் இருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இந்த வீட்டில் யாரும் நினைப்பதில்லை. அந்தத் தெருவை நினைத்தால் முதலில் வருவது ஒரு மே மாதத்துப் பகல்.

குளியலறையில் தண்ணீர் வடியாமல் நின்றது. கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டோம். டிரைவரும் கூட ஒருவரும் வந்தார்கள். கூட வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், காதோரம் நரை. வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவிலிருந்த செப்டிக் டேங்கின் சிமெண்ட் மூடியைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்திக் குழாயை உள்ளே விட்டார்கள். மேலே இருந்த தண்ணீர் கால் மணி நேரத்தில் போய்விட்டது. அதன்பின் மோட்டார் வெறுமனே இரைந்தது. அடியில் கசடு களிமண்ணாக இறுகியிருந்தது.

டிரைவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "கக்கூஸ்ல ஃபினாயில் ஊத்துவியாமா?"

"வாரம் ரெண்டு பாட்டில்," என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாக.

"அதான். உள்ள கீற பூச்சியெல்லாம் செத்துப்போச்சு. அதுங்கதான் இத்த கரைக்கும். நீ சுத்தம் பண்ணிகினே இருந்திருக்க, அது இறுகிகினே இருந்திருக்குது."

அம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தெருவிலேயே சுத்தமான கழிப்பறை எங்களுடையது என்பதில் அவளுக்குத் தனி கௌரவம் இருந்தது.

கூட வந்தவர் சட்டையைக் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டினார். "அஞ்சு நிமிசம். எறங்கி கிளறி வுட்டுட்டு வந்துர்றேன்."

"இன்னாய்யா, குளிக்கப் போற மாரி கழட்ற," என்றார் டிரைவர். ஆனால் தடுக்கவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு வீடு காத்திருந்தது.

அப்படி இறங்கியவர்களைப் பற்றி நான் பத்திரிகையில் செய்தி எழுதியிருக்கிறேன். எட்டு வரி, பத்து வரி. முதலில் இறங்கியவர் விஷவாயுவில் மயங்குவார், அவரைத் தூக்கப் போனவரும் திரும்பமாட்டார். எல்லாம் தெரிந்தும் அன்று கதவருகே பேசாமல் நின்றேன்.

அம்மா உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தாள். தொட்டியின் வாய்க்கு நேர் மேலே, நாலு காலும் விளிம்புக்கு வெளியே படும்படி போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"எக்கா, இன்னா இது? நீ குந்திகினு இருந்தா வேல எப்டி ஆவும்?" என்றார் சட்டையைக் கழற்றியவர்.

"ஆகுற அன்னிக்கு ஆகட்டும். நீ சட்டையப் போடுப்பா."

"எத்தினி டேங்க்ல எறங்கியிருக்கேன் தெரியுமா?"

"எத்தனையோ இருக்கட்டும். இதுல வேணாம். இத இறுக வச்சது நான்."

டிரைவர் சிரித்தார். "யோவ், சட்டைய மாட்டு. இந்தம்மா எயுந்துக்காது." பிறகு அம்மாவிடம் சொன்னார். "மேலேர்ந்து மூங்கில் வுட்டு கலக்கலாம். சாய்ங்காலம் ஆயிடும். தண்ணி நெறைய ஊத்தணும், அவ்ளோ தண்ணி கீதா?"

இருந்தது. முந்தின நாள்தான் தண்ணீர் லாரி வந்து, தரைக்கடியில் இருந்த சம்ப்பை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அடுத்த முறைக்கு இன்னும் மூன்று நாள். அம்மா என்னைப் பார்த்து, "மோட்டாரைப் போடு," என்றாள். அவர் சட்டையைப் போட்டு லாரியிலிருந்த மூங்கிலைக் கையில் எடுத்த பிறகுதான் எழுந்தாள்.

டிரைவர் காத்திருந்த வீட்டுக்குப் போன் செய்தார். "நாளைக்கு வரேன் சார். இங்க ஒரு அம்மா டேங்க் மேல குந்திகினு கீது."

ஊற்றுவதும் கலக்குவதும் உறிஞ்சுவதுமாக நாலு மணி நேரம் ஆயிற்று. தொட்டி காலியானபோது சம்ப்பும் காலி. மூங்கிலைக் கீழே வைத்தவர் கை கழுவக் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து குடிதண்ணீர் கேனை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள்.

"இது குடிக்கிற தண்ணிக்கா."

"தெரியும். கைய நீட்டு."

அவர் முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். அம்மா கேனை நிமிர்த்தவில்லை. "காலையும் காட்டு," என்றாள்.