ஒளித்து வைத்த குபூஸ்

துபாயில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வீட்டில் புத்தகங்கள் எல்லாம் முடிவிலிருந்து தொடங்கின. ஆறு வயது மிரியாம் ஒரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் ஏறுவாள். நான் நம்மூர் வழக்கப்படி அட்டையைத் திறந்தால் முதல் படத்திலேயே எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கதை முடிந்துபோயிருக்கும். "ஸ்டெல்லா, நீ எப்பவும் கடைசியிலேர்ந்தே ஆரம்பிக்கிற" என்று ஆங்கிலத்தில் அலுத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பி வைப்பாள். வலமிருந்து இடம் போகும் எழுத்து கடைப்பலகைகளில் பார்த்துப் பழகியதுதான். ஆனால் இது அரபி இல்லை. கட்டம் கட்டமாக, தனித்தனியாக நிற்கும் எழுத்துகள். ஹீப்ரு என்றாள் மேடம். பைபிளில் எபிரேயம் என்று வருமே, அதேதான்.

எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால் என்ன, படம் இருக்கிறதே. வாயும் இருக்கிறது. ஒரு புத்தகத்தின் நடுப்பக்கத்தில், இருட்டு வீட்டில் ஒரு சிறுமி ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறுகையில் ஓர் இறகும் வைத்துக்கொண்டு அலமாரிக்குக் கீழே குனிந்து பார்ப்பாள். குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் பிறந்த எனக்கு இதைப் புரிந்துகொள்ள யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. "கரண்டு போயிட்டு. பாவம், பிள்ளைக்க கோழியக் காணல்ல. இறகு மட்டும்தான் கிடைச்சிருக்கு" என்று கதையைத் தொடங்கி, கோழி அடுத்த வீட்டுக்கும் அங்கிருந்து கோயில் மணிக்கூண்டுக்கும் போன கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மிரியாம் சிரித்துச் சிரித்து மடியிலிருந்து சரிந்தாள். கரண்ட் போவது என்றால் என்ன என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து துபாயில் விளக்கு அணைந்ததே இல்லை.

அவர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த யூதக் குடும்பம். சார் துறைமுக வேலையில் இன்ஜினியர். யூதர் என்பதை வெளியே யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வாசலில் அடையாளம் எதுவும் கிடையாது. புத்தகங்களும் பாட்டு சிடிக்களும் ஊருக்குப் போய்வரும்போது துணிகளுக்கு நடுவில் வந்துசேரும். வெள்ளிக்கிழமை மாலையானால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேடம் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். சார் மேசையில் தாளம் தட்டுவார். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் இன்னும் வேகமாகப் பாடுவார்கள். மூச்சு வாங்கி முதலில் நிறுத்துகிறவர் தோற்றவர். தோற்பது எப்போதும் சார்தான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே நானும் கரண்டியால் தட்டுவேன்.

யூதர் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்: என் சித்தப்பா. எங்கள் ஊரில் தவக்காலத்தில் போடும் பாஸ்கு நாடகத்தில், இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் கதையில், சணல் தாடி ஒட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக் கத்துகிற யூதர் வேஷம் ஆண்டுதோறும் அவருக்குத்தான். வெயிலில் பசை இளகி, தாடி ஒரு பக்கமாகத் தொங்க, அதைப் பிடித்துக்கொண்டே வசனம் பேசுவார். மேடம் தங்களைப் பற்றிச் சொன்ன அன்று நான் சாரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். வழவழவென்று சவரம் செய்த முகம். காலையில் மகளுக்குத் தலைவாரிச் சடை பின்னிவிடத் தெரிந்த மனிதர். எங்கள் சித்தப்பாவை நினைத்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே குறை, அவர்கள் மத வழக்கப்படி இறால், நண்டு, கணவாய் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது. கடற்கரைக்காரிக்கு இது லேசான தண்டனையா?

ஆனாலும் அந்த வேலையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் டிரையல் என்று பேச்சு. மேடத்துக்குத் திருப்தியானால் மே மாதம் ஊருக்கு லீவு. என் மகள் ஜெனி என் அக்கா ரோஸ்லின் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனில் பேசும்போது அவள் முன்பல் விழுந்த காற்றுச் சத்தம் கேட்கும், பல்லைத்தான் பார்க்க முடியாது. ஆகவே டிரையலில் நான் தோற்க முடியாது.

மார்ச் கடைசியில் மேடம், பெசாக் பண்டிகை வருகிறது, வீட்டில் ரொட்டித் துணுக்குகூட இருக்கக்கூடாது என்றாள். நமது பாஸ்கா. அடிமைகளாக இருந்த யூதர்கள் எகிப்திலிருந்து அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமில்லாமல் போன கதை எனக்கு மறைக்கல்வி வகுப்பிலேயே பாடம். துப்புரவு என்றால் எனக்கு ஒரு வெறி உண்டு, அதை ஒளிக்கப்போவதில்லை. சோபாவைக் கவிழ்த்தேன். மிரியாமின் புத்தகங்களை, கோழியின் காலைப் பிடித்துத் தூக்குவதுபோல், ஒவ்வொன்றாகத் தலைகீழாக உதறினேன்; கோழி தேடிய சிறுமியின் பக்கத்திலிருந்து பிஸ்கட் பொடி கொட்டியது. டோஸ்டரைக் குச்சி விட்டுக் குடைந்தேன். மேடமே, "போதும் ஸ்டெல்லா, சுவரைச் சுரண்டாதே" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை, கடைசி முறையாகத் துடைத்துக்கொண்டு வந்தபோது, வரவேற்பறைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சின்னப் பொட்டலம் கிடந்தது. டிஷ்யூ பேப்பரில் அழகாகப் பொதிந்த ஒரு துண்டு குபூஸ், அரபு நாட்டு ரொட்டி. காலையில் அரை மணி நேரம் துடைத்த இடம்! அடுத்தது புத்தக அலமாரியில். அடுத்தது பியானோவுக்கு மேலே. எனக்குப் புரிந்துவிட்டது. ஷார்ஜாவில் நான் வேலைபார்த்த பழைய வீட்டு அம்மா, சேர்ந்த முதல் வாரம் சோபாவுக்கு அடியில் ஒற்றைத் தங்கத் தோட்டைப் போட்டுவைத்து என்னைச் சோதித்தவள். நான் அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டியபோது சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். நான் ராத்திரி முழுக்க அழுதேன். இந்த மேடமும் அந்த ரகம்தானா? ஆத்திரம் பொங்கியது. சரி, வைத்துப் பார்க்கட்டும். நானும் குளச்சல்காரி. வீடு முழுக்கச் சல்லடையாய்ச் சலித்து, எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி ஒரு தட்டில் அடுக்கி மூடிவைத்தேன்.

இருட்டியதும் சார் எல்லா விளக்கையும் அணைத்தார். ஏதோ ஆசீர்வாதம் சொன்னார். அதன்பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மிரியாம் கையில் மெழுகுவர்த்தி, சார் கையில் ஓர் இறகு, மேடம் கையில் ஒரு மரக்கரண்டி. மூன்று பேரும் வரிசையாகத் திரைச்சீலைக்குப் போனார்கள். அலமாரிக்குப் போனார்கள். பியானோவுக்குப் போனார்கள். சமையலறை வாசலில் கை கட்டி நின்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: தேடுங்கள், நன்றாகத் தேடுங்கள். சார் தலையைச் சொறிந்தார். மேடம் அவரை முறைத்தாள். மிரியாம் மெழுகுவர்த்தியோடு மறுபடியும் திரைச்சீலைக்கே போனாள். பிறகு அவள் விம்மும் சத்தம் கேட்டது.

பிள்ளை அழுததும் என் வீராப்பு கரைந்துவிட்டது. தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். "எல்லாம் இங்க இருக்கு மேடம். எண்ணிப் பாத்துக்கிடுங்க. எனக்கிட்ட டெஸ்ட் வேண்டாம்." கடைசி இரண்டும் தமிழில் வந்துவிட்டன.

மூன்று பேரும் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சார்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. நான் சொன்ன டெஸ்ட் என்ற ஒரு சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். பெரிய துப்புரவுக்குப் பிறகு அப்பா ரொட்டியை ஒளித்துவைப்பதும் பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அவர்களுடைய விளையாட்டும் வழிபாடும் சேர்ந்த வழக்கமாம். ஒன்றும் கிடைக்காவிட்டால் சொன்ன ஆசீர்வாதம் வீணாகிவிடுமே என்றுதான் வேண்டுமென்றே வைப்பதாம். "நீ புத்தகத்துல பாத்திருப்பேன்னு நினைச்சேன். மிரியாமுக்கு அந்தப் பக்கத்தைத் தினமும் நீதானே சொல்லுற?"

"அது கோழியைத் தேடுறது!" என்றாள் மிரியாம், கண்ணீரோடு.

இனி என்ன செய்வது என்று பார்த்தபோது அவளே வழி சொன்னாள். ஸ்டெல்லா ஒளித்துவைக்கட்டும். நான் ஒளித்தேன். அந்த வீட்டில் எனக்குத் தெரியாத மூலை உண்டா? குப்புறப் படுத்தும் நாற்காலி போட்டு ஏறியும் தேடினார்கள். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் மிரியாம் இறகால் அதைக் கரண்டிக்குள் தள்ளி, கோழிபோலக் கொக்கரித்தாள். பேசக்கூடாது, கொக்கரிக்கலாம் போலிருக்கிறது. எல்லாம் கிடைத்தபிறகும் அவள் நிற்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் என் அறை வாசலில் போய் நின்றாள். அந்த அறைக்குள் அவர்கள் யாரும் வருவதில்லை, மரியாதைக்காக. சார் வேண்டாம் என்று தலையசைத்தார். மிரியாம் பேசாவிரதத்தை முறித்தாள். "இதுவும் நம்ம வீடுதானே?"

நான் கதவைத் திறந்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சம் என் கட்டிலுக்கு மேலே இருந்த ஜெனியின் படத்தில் விழுந்தது. மிரியாம் வெகுநேரம் பார்த்தாள். "அவளுக்கு யார் ஒளிச்சு வைப்பாங்க?" என்று கேட்டாள். மேடம் என் தோளில் கைவைத்து, மே மாத டிக்கெட் பற்றி நாளைக்குப் பேசலாம் என்றாள். மறுநாள் காலையில் பின்கட்டில் அந்தத் துண்டுகளை எரித்தபோது எனக்குப் புகையால்தான் கண் கலங்கியது என்று எல்லோரும் நம்பினார்கள்.

மே மாதம் புறப்படும்போது மிரியாம் என் காதில் ரகசியம் சொன்னாள். என் அறையில் ஒரு ரொட்டித் துண்டு ஒளித்து வைத்திருக்கிறாளாம். இப்போது தேடக்கூடாதாம், திரும்பி வந்துதான் எடுக்க வேண்டுமாம். பண்டிகை முடிந்துவிட்டதால் ரொட்டிக்குத் தடையில்லை. ஆனால் எறும்பு? இரண்டு மாத லீவு! விமானத்தில் எனக்கு அதே நினைப்பு.

ஊரில் இரண்டாம் நாளே கரண்ட் போனது. ஜெனிக்கு எட்டு வயது. என்னிடம் ஒட்டுவதற்கு இன்னும் கூச்சப்பட்டுக்கொண்டு அக்காவின் சேலையைப் பிடித்தபடி நின்றாள். நான் ரொட்டியைப் பிய்த்து வீடெங்கும் ஒளித்தேன். கையில் மெழுகுவர்த்தி கொடுத்தேன். இறகுக்கா பஞ்சம்? அக்காவின் கோழிகள் முற்றம் முழுக்க உதிர்த்திருந்தன. கொஞ்ச நேரத்தில் ஜெனி கூச்சத்தை மறந்து, அரிசிப் பானைக்குப் பின்னாலும் மாதா படத்துக்குப் பின்னாலும் புகுந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். மூச்சிரைக்க என் மடியில் வந்து விழுந்தாள்.

"இன்னும் உண்டா அம்மா?"

"ஒண்ணு உண்டு மக்களே. அது துபாயில இருக்கு. எனக்க ரூமுல. நான் போய்த்தான் எடுக்கணும்."

ஜெனி இறகைத் தரையில் வைத்தாள். பிறகு ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கண்ண மூடு. தொறக்கப்பிடாது." உள்ளறையில் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "நானும் ஒண்ணு வச்சிருக்கேன். இப்பம் தேடப்பிடாது. அத எடுத்துக்கிட்டு இங்க வந்து இதையும் எடுக்கணும், கேட்டியா?"

கேட்டேன். அந்த லீவு முழுக்க அக்கா வீட்டைத் தினமும் இரண்டு முறை பெருக்கினேன். உள்ளறைப் பக்கம் மட்டும் விளக்குமாறைக் கொண்டுபோகவில்லை. டோஸ்டரைக் குச்சி விட்டுக் குடைந்தவள் நான். இப்போது இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு ரொட்டித் துண்டைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறேன்.