பரண் ஏறிய சீனி

கால் கிலோ சீனிக்காக வீரபாகு அண்ணாச்சி ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். பாதியில் நின்று, சீனி வாங்க வந்து கீழே நிற்கும் விஜிலாவிடம், "வேற என்ன வேணும்னு இப்பமே சொல்லிரும்மா. எறங்குன பொறவு சொல்லாத" என்கிறார். ஒன்றும் வேண்டாம் என்கிறாள். அவர் இறங்கி, மூச்சு வாங்கி, பொட்டலம் மடித்த பிறகுதான் அவளுக்குத் தேயிலை ஞாபகம் வருகிறது.

முத்தையாபுரத்தில் இவருடைய பலசரக்குக் கடையில், நனைந்தால் கெடுகிற எதுவும் தரையில் கிடையாது. அரிசி, பருப்பு, சீனி எல்லாம் கூரையை ஒட்டிய பரணில். வாளி, விளக்குமாறு, தேங்காய், தைல பாட்டில் கீழே. இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் வெள்ளம் கடைக்குள் புகுந்து சீனி மூடைகளைக் கரைத்துக்கொண்டு போனதிலிருந்து இந்த ஏற்பாடு. அன்று அந்தத் தண்ணீரில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாராம். அவ்வளவு சீனி போயும் இனிக்கவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம்.

எல்லாம் ஏன் பரணில் என்று கேட்டால் ஏணியிலிருந்தபடியே பிரசங்கம் தொடங்கிவிடும். "கடலு சூடேறிக் கெடக்கு. அதனால காத்து அம்புட்டு ஈரத்தையும் உறிஞ்சி வச்சிக்கிடுது. முன்னல்லாம் ஐப்பசி, கார்த்திகைன்னு சில்லறையாப் பெஞ்ச மழை, இப்பம் ஒரே நாள்ல மொத்த வியாபாரம் பண்ணிட்டுப் போயிருது."

எதிரே சுடலைக்கண்ணன் கடை. அங்கே சீனி மூடை வாசலிலேயே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், கேட்டவுடன் அள்ளிப் போடலாம். அவசரக்காரர்கள் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று மனைவி வடிவம்மாளுக்குக் கவலை. "நம்ம கடைக்கு வாரவளுக்கு அண்ணாந்து பாத்தே கழுத்து புடிச்சிக்கிடுது. அந்தத் தைலம் ஒண்ணுதான் ஓடுது" என்கிறாள். எதிர்க்கடையில் கூட்டம் கூடினால் அண்ணாச்சிக்கும் முகம் சுண்டிப்போகும். சுடலைக்கண்ணன் வேறு, "அண்ணாச்சி, மேல காத்து நல்லா வருதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பான்.

போன வாரம் மத்தியானம் பிடித்த மழை, சாயங்காலத்துக்குள் தெருவில் முழங்காலளவு தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டது. அந்தத் தண்ணீருக்குள் சுடலைக்கண்ணன் தலையில் பாதி மூடை சீனியோடு நடந்து வந்து வாசலில் நின்றான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வாளிகளைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, மேல கொஞ்சம் எடம் கெடைக்குமா?" என்றான்.

இதற்காகவே காத்திருந்தவள் போல வடிவம்மாள் இடுப்பில் கை வைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி ஏணியில் ஏறிவிட்டார். மேலே இடமில்லை. தன்னுடைய சீனி மூடையைப் பரணின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.