மோகனமும் பூப்பும்

சங்கீத விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில், டெல்லித் தொலைக்காட்சியின் சாஸ்திரிய சங்கீத வினாடி வினாவுக்குப் போனேன். சரோஜினி நகரிலிருந்து நானும் அலுவலகத் தோழி லலிதாவும் ஓர் அணி. எதிரணியில் கரோல் பாக் பள்ளி ஆசிரியர் சர்மாஜி.

வாசிப்பைக் கேட்டு ராகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். முதலில் வீணை ஒலித்தது. சர்மாஜி, "பூப்" என்றார். நிகழ்ச்சி நடத்துனர் கையிலிருந்த விடை அட்டையைப் பார்த்து, "தவறு" என்றார். நான் "மோகனம்" என்றேன். மதிப்பெண் எங்களுக்கு வந்தது. நம் மோகனத்தைத்தான் வடக்கே பூப் என்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். லலிதா கையைக் கிள்ளினாள்.

"சும்மா இருடி அசடு!"

சும்மா இருந்துவிட்டேன்.

கடைசிக் கேள்விக்கு ஷெனாய். "ஹிந்தோளம்" என்றேன். "தவறு" என்றார் நடத்துனர். அடுத்த வாய்ப்பு சர்மாஜிக்கு. "மால்கௌன்ஸ்" என்ற ஒரு சொல் போதும், கோப்பை அவருக்கு. அவரோ எழுந்து நின்று, "பஹன்ஜி சொன்னது சரி. நம்ம மால்கௌன்ஸைத்தான் அவங்க ஹிந்தோளம்னு சொல்வாங்க" என்று என்னைக் காட்டி இந்தியில் விளக்கினார். நாங்கள் ஜெயித்தோம்.

வாசலில் அவரைப் பிடித்தேன். "பாய்சாப், உங்க பூப்பும் சரிதான். எனக்கு அப்பவே தெரியும்."

"அச்சா, நீங்க சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேனே!" என்று சிரித்தார்.

நான் மூடிய வாயை விட்டுவிட்டு, திறந்த வாயை மட்டும் அந்த மனிதர் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து யார் கிள்ளினாலும் சொல்லிவிடுகிறேன்.