கிளட்ச் இல்லாத வண்டி

காலையில் ஆபேலின் ஜெய்ப்பூர் செயற்கைக்காலைத் துடைத்து வைப்பது ரத்தினபாயின் வேலை. குழம்புச் சட்டியைத் துடைப்பதுபோலத்தான் துடைப்பாள். அருவருப்பும் கிடையாது, பரிவும் கிடையாது. வார்களில் படிந்த வியர்வையை ஈரத்துணியால் வழித்து, குழிக்குள் கைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி, பவுடர் தட்டி, புருஷனின் கைக்கு எட்டும்படி கட்டிலோரம் சாய்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அன்றைக்கு மட்டும் அலமாரிப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏன் அங்க வெக்கிற?"

"புண்ணு ஆறட்டும். இப்ப எங்க போகப் போறீங்க?"

எங்கே போவதா? மெக்கானிக் ஷெட்டுக்குப் போக வேண்டும். வண்டி அங்கேதானே கிடக்கிறது.

ஆபேல் பொழிச்சலூரில் பிறந்தவர். மீசை அரும்பிய நாளிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர். கம்பெனி பஸ், பள்ளிக்கூட வேன், லாரி என்று எதையும் விட்டுவைத்ததில்லை. சர்க்கரை வியாதி வந்து, பாதத்தில் குத்திய சின்ன ஆணி பெரிய புண்ணாகி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கிற கால். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, ரத்தினபாயின் அண்ணன் ஜெபராஜ் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நம்ம மாப்ளைக்கு இனிமே பிரேக்கும் ஆக்சிலேட்டரும்தான். செருப்பும் ஒண்ணு போதும்." சிரித்தவர்களில் ஆபேலும் உண்டு. சிரிக்காமல் வேறென்ன செய்வது?

ஜெபராஜுக்குச் சிட்லபாக்கத்தில் ஜெனரேட்டர் வாடகைத் தொழில். கல்யாணம், சபைக் கன்வென்ஷன் என்றால் இரண்டு சக்கர டிராலியில் ஏற்றிய ஜெனரேட்டரை ஒரு வண்டி இழுத்துப் போக வேண்டும். வீட்டில் சும்மா கிடந்த ஆபேல், எங்கெங்கோ விசாரித்து, ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். கிளட்ச் கிடையாது. வலது கால் போதும்.

"ஆட்டோமேட்டிக்கா? லேடீஸ் கறிகாய் வாங்கப் போற வண்டி மாப்ள அது. லோடு இழுக்குமா?" என்றார் ஜெபராஜ்.

இழுத்தது. வண்டலூர் மேம்பாலத்தில் ஏறும்போது தானாக விட்டால் கியர் மூன்றுக்கும் நாலுக்கும் தாவித் தவிக்கும். ஆபேல் லிவரைப் பக்கவாட்டில் தள்ளி மூன்றிலேயே பிடித்து வைப்பார். இறக்கத்திலும் அதே மூன்று. பின்னாலிருந்து ஜெனரேட்டர் நெட்டித் தள்ளினாலும் என்ஜினே வண்டியை அடக்கிக்கொண்டு வரும், பிரேக் சூடாகாது. கியர் ஆயிலைக் கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றிவிடுவார். ஜெபராஜின் பழைய வண்டியில் அடிக்கடி கிளட்ச் பிளேட் கருகும். கண்ணாடி வளையல் உடைவதுபோல அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இதில் ஒன்றும் கருகவில்லை. அதையும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

காலை எடுத்த இடத்தில் போன வாரம் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. மகன் ஜாய்சன் வண்டியை எடுத்துக்கொண்டு மாமனோடு கேளம்பாக்கத்துக் கல்யாணத்துக்குப் போனான். மண்டபத்து வாசலில் கதவைத் திறந்துபோட்டுப் பாட்டு கேட்டதில் பேட்டரி இறங்கிப்போயிற்று. போன் வந்தது.

"டாடி, ஸ்டார்ட்டே ஆவல. தள்ளி எடுக்கவா?"

"இது தள்ளினா எடுக்காதுடா. வேற வண்டிலேர்ந்து ஒயர் போட்டுக் கரண்ட் எடு. கயிறு மட்டும் கட்டிடாத. என்ஜின் ஓடினாதான் கியர்பாக்ஸ்ல ஆயில் சுத்தும். ஆஃப் பண்ணி இழுத்தா உள்ள எல்லாம் காஞ்சி தேஞ்சிடும்."

"இன்னாவாம்? கிளாஸ் எடுக்கறாரா?" பின்னால் ஜெபராஜின் குரல். பிறகு போனுக்குள்ளேயே வந்தார். "மாப்ள, நீ படுத்துக்கோ. வண்டிய இட்டாறது எங்க வேலை."

தண்ணி லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி, தாம்பரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஷெட்டில் புது பேட்டரி போட்டதும் என்ஜின் உறுமியது. லிவரைத் தள்ளினால் வண்டி அசையவில்லை. சேற்றில் படுத்த எருமைதான். அன்று மாலைக்குள் சபையில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது: ஆட்டோமேட்டிக் புட்டுக்கிச்சி, நொண்டிக்கேத்த நொண்டி வண்டி.

அன்று காலை ரத்தினபாய் அடுத்த வேலைக்குப் போனதும், ஆபேல் அலமாரி வரைக்கும் சுவரைப் பிடித்துக் குதித்துப் போய்க் காலை எடுத்து மாட்டினார். புண் சுரீரென்றது. ஆட்டோவில் ஷெட்டுக்குப் போனார்.

மெக்கானிக் கிரீஷ் கியர் ஆயிலை வடித்துக் காட்டினான். தார் மாதிரி கருப்பு, தீய்ந்த நாற்றம்.

"லோடு இழுத்ததால கெட்டது இல்ல சார் இது. வண்டியவே எவனோ இழுத்துகினு வந்துகீறான்."

"அப்ப ஓட்டினதுல தப்பில்லையே?"

"நீங்க ஓட்டின வரைக்கும் பொண்ணு மாதிரி வெச்சினு இருந்தீங்க. பிரிச்சிக் கட்டலாம் சார். கொஞ்சம் டயம் ஆவும், அவ்ளோதான்."

ஆபேலுக்கு வலியே மறந்துபோனது. கருப்பு ஆயிலை ஒரு வேஸ்ட் துணியில் தோய்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கூடத்தில் ஜெபராஜும் ஜாய்சனும் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபேல் துணியை டீப்பாயில் விரித்தார்.

"மோந்து பாருங்க மச்சான். கயிறு கட்டி இழுத்ததுல தீஞ்சது."

"சாப்பிடற எடத்துல இன்னா மாப்ள நாத்தம்? எடு அத."

"வண்டி மேல தப்பில்ல."

"இல்லதான். கயிறு கட்டினது நான். யாரு இல்லன்னா?" ஜெபராஜ் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "அதுக்கு இன்னா இப்போ?"

குற்றம் எங்கே என்று காட்டிவிட்டால் போதும் என்றுதான் ஆபேல் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பிரிச்சிக் கட்டலாமாம். கிரீஷ் சொன்னான்."

"வேணாம் டாடி. அத அப்படியே வித்துடறோம். புதுசு புக் பண்ணியாச்சி." ஜாய்சன் இடது கையால் போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினான். வெள்ளை வண்டி.

"ஆட்டோமேட்டிக்கா?"

"மேனுவல்."

"அதுல கிளட்ச் இருக்குமேடா."

"நான் ஓட்டறேன்ல?"

ஜெபராஜ் தண்ணீர் குடித்து, நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். கல்யாண வூடு மாப்ள. பொண்ணும் மாப்ளையும் கார்லேர்ந்து எறங்கற நேரம், நீ அந்தக் கட்டைய இழுத்துகினு டங்கு டங்குனு எறங்கற. பார்ட்டிங்க மூஞ்ச சுளிக்கிறாங்க. போட்டோவுல வேற வந்துடற. எத்தினி வாட்டி நான் சமாளிக்கறது? கர்த்தர் ரெஸ்ட் குடுத்துகீறாரு, வாங்கிக்கோ."

ஆபேல் மகனைப் பார்த்தார். அவன் படத்தைப் பெரிதாக்கி வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் காதுவரை சிவந்திருந்தது. ஆனாலும் தலையைத் தூக்கவில்லை. இருவரும் கை கழுவி, ஜெபராஜின் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள்.

ரத்தினபாய் எச்சில் தட்டுகளை எடுக்க வந்தாள்.

"கேட்டியா? இழுத்துக் கெடுத்தது உங்கண்ணன். அவர் வாயாலயே சொல்லிட்டாரு."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"இழுத்துகினு வந்த அன்னிக்கே சொன்னாரு."

ஆபேல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். செயற்கைக்காலின் வார் புண்ணில் அழுந்தியது. தளர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை.

"புது வண்டி மேனுவல்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, உன்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன ரத்தினா?"

அவள் ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டை அடுக்கினாள். ஆயில் துணியை இரண்டு விரலால் தூக்கி மீன் முள்ளின்மேல் போட்டாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.