மணிக்காப்பாளர் இல்லாத பரீட்சை

தம்பி மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்த வருஷம், அவளுடைய பரீட்சைக்குத் திட்டம் போட்டுத் தருகிறேன் என்று நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் படிவம் வரைக்கும். மற்றதெல்லாம் ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில், என் கச்சாங் பூத்தே கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து கற்றது. கடலையும் பட்டாணியும் முறுக்கும் அளந்து போட்டுக்கொண்டே நாலு மொழியில் பேசுவேன். நாலும் அரைகுறைதான், ஆனால் நிற்காது.

அவள் எனக்கு நேர் எதிர். எழுதச் சொன்னால் தாள் தாளாக எழுதுவாள், பேசச் சொன்னால் தரையைப் பார்ப்பாள். வீடு சிலிம் ரிவரில். படிப்புக்காக என்னோடு தங்கியிருந்தாள். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் படித்து டீச்சராக வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்பாள். தம்பிக்கு அந்தப் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. விடுமுறை நாளில் கூட பைக்கை அந்தப் பல்கலைக்கழக வாசல் வழியாகத்தான் விடுவான். ஆறாம் படிவ முடிவில் எழுதுகிற எஸ்.டி.பி.எம். மார்க்கு எவ்வளவு வந்தாலும், மூவெட் என்கிற ஆங்கிலப் பரீட்சையில் போதுமான பேண்ட் என்கிற தரம் வராவிட்டால் உள்ளே போக முடியாது. அதில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. முதலில் தனியாகப் பேச வேண்டும், பிறகு முன்பின் தெரியாத மூன்று பேரோடு உட்கார்ந்து கலந்து பேச வேண்டும்.

"பேச்சுத்தானே? என்கிட்ட விடுலா," என்றேன்.

தமிழ்ப்பள்ளியில் படித்த எங்களுக்குப் பேச்சு என்றால் பேச்சுப் போட்டிதான். வெள்ளைக் காலணி போட்டு, கையை வீசி, அவைத் தலைவர் அவர்களே, நீதி தவறா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே என்று ஆரம்பித்து, நேரம் முடிந்ததென்று அவர் மணியடிக்கும்வரை மனப்பாடம் பண்ணியதை மூச்சு விடாமல் கொட்டுவோம். அதையே ஆங்கிலத்தில் எழுத வைத்தேன். தினமும் காலையில் நான் பட்டாணி வறுக்க, அவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று முழங்குவாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். திரும்பி வந்தவள் பையைக் கூடக் கழற்றவில்லை.

"என்னடி, எப்படிப் போச்சு?"

"எழுந்து நின்னுட்டேன், அத்தை."

"நல்லதுதானே."

"மத்த மூணு பேரும் உக்காந்திருந்தாங்க. நீதிபதிகளே, மணிக்காப்பாளரேன்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல இருந்த பொண்ணு மணி எங்கேன்னு தேடிச்சு."

நான் சிரிப்பை அடக்கிப் பார்த்தேன். அவளே முதலில் சிரித்துவிட்டாள். சிரித்து ஓய்ந்த பிறகு, "டீச்சர் சொன்னாங்க, நல்லா பேசுறியாம், ஆனா மத்தவங்க பேசினது எதுவும் உன் காதுல விழலையாம். இப்படியே போனா பேண்ட் வராதாம்," என்றாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு, "இனிமே திட்டத்த நான் போடுறேன் அத்தை. நீங்க கடைய மட்டும் குடுங்க."

அடுத்த ஞாயிறு என் கடைக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அப்பாம் பாலிக் என்கிற இனிப்பு அப்பம் சுடுகிற, அபாங் என்று நாங்கள் கூப்பிடுகிற மலாய்க்கார அண்ணன், இன்னொரு பக்கம் கரும்புச் சாறு பிழிகிற சீன ஆண்ட்டி, எதிரே தேங்காய் விற்கிற சீன அங்கிள். பழைய பரீட்சைக் கேள்வி ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டாள்: வயதானவர்கள் பிள்ளைகளோடு இருப்பது நல்லதா, முதியோர் இல்லத்தில் இருப்பதா? எல்லாரும் சந்தை ஆங்கிலத்தில் பேசியதைத்தான் தமிழில் சொல்கிறேன்.

"வீடுதான்லா," என்றார் அபாங். "இல்லத்துல யாரு எனக்கு சம்பல் அரைச்சுக் குடுப்பா?"

"மருமக கூடவா? எனக்கு இல்லமே போதும். மாஜோங் விளையாட ஆள் கிடைக்கும்," என்றார் ஆண்ட்டி.

"ஆண்ட்டி வந்தா மத்தவங்க எல்லாம் வீட்டுக்கு ஓடிடுவாங்க," என்றார் அபாங்.

நானும் புகுந்து என் பங்குக்குக் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அவள் எல்லாரையும் பேச விட்டாள். பிறகு மெதுவாக, "அபாங் சாப்பாட்டப் பத்திச் சொல்றாரு, ஆண்ட்டி துணையப் பத்திச் சொல்றாங்க. ரெண்டும் ஒரே இடத்துல கிடைச்சா எங்க இருப்பீங்க?" என்றாள். வாய் ஓயாத அந்த இரண்டு பேரும் யோசித்தார்கள். அவள் எதிரே திரும்பினாள். "அங்கிள், நீங்க?"

விலையைத் தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. கத்தியால் இளநீர் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்காக நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கரும்பு மெஷின் ஓடி நின்றது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"என் மனைவி இல்லத்துலதான் இருக்கா," என்றார். "என்னை அடையாளம் தெரியாது. நான் கொண்டுபோற இளநீர் தெரியும்."

இத்தனை வருஷம் எதிரெதிரே கடை போட்டும் அவருக்கு மனைவி இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்து அவள் ஐயோ பாவம் என்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"குளிர வச்சுக் கொண்டுபோவீங்களா, அங்கிள்?"

"இல்ல. அவளுக்குப் பல் கூசும்."

இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் இல்லை. தரையைப் பார்க்கிற பிள்ளை என்று நினைத்தேனே, அத்தனை நாளும் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பரீட்சை அன்று வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவள், "எங்க குழுவுல ஒரு பையன் அத்தை. வாயே திறக்கல," என்றாள்.

"நீ என்ன பண்ணுன?"

"உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன். அவன் சொல்ற வரைக்கும் இருந்தேன்."

"உன் நேரம் போயிருக்குமேடி."

"போச்சு. அவன் சொன்னதுலேருந்துதான் அப்புறம் நான் பேசினேன்."

முடிவு வரும்வரை நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எவனோ ஒருவனுக்காக இடத்தை விட்டுவிட்டாளோ என்று உள்ளுக்குள் திட்டவும் செய்தேன். கைப்பேசியில் வந்ததை அவளே படித்துக் காட்டினாள். வேண்டிய பேண்ட் வந்திருந்தது. எஸ்.டி.பி.எம். முடிந்து இடமும் கிடைத்தது. தம்பி அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அந்த வாசலுக்கு உள்ளேயே போனான்.

அவள் போன பிறகு வந்த ஞாயிறு, தேங்காய் அங்கிள் முதல் முறையாக என் கடைக்கு நடந்து வந்தார்.

"பொண்ணு எங்க?"

"தஞ்சோங் மாலிம். டீச்சருக்குப் படிக்கப் போயிட்டா."

தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். என் நாக்கில் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அளக்கிற டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நானும் நின்றேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

வெகு நேரம் கழித்து, ஓமப்பொடியைக் காட்டி, "பல் கூசுறவங்க இதச் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.