இரண்டு கையும்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊர்க்காரன் வேடியப்பனுக்கு மலை கண்ணில் பட்டால் போதும், கை தானாகக் குவிந்துவிடும். அந்தப் பழக்கம் அவனைக் கொல்லப் பார்த்ததா, காப்பாற்றியதா என்று அவனுக்கே சொல்லத் தெரியாது.

எழுபத்தெட்டில் என்.சி.சி. தயவில் சின்ன விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். அன்று சொந்த ஊருக்கு மேலேயே பாடம். பக்கத்து இருக்கையில் வாத்தியார் தாமோதரன்.

"மூக்கத் தூக்கு. வேகம் கம்மியாகி விழும். அப்ப கையில இருக்கற ஸ்டிக்க முன்னால தள்ளு, மூக்கு இறங்கி வேகம் வந்துடும். நான் தொட மாட்டேன்," என்றார்.

தூக்கினான். இரைச்சல் அடங்கியது. விமானம் ஜுரம் கண்டாற்போல் நடுங்கி, சட்டென்று தலைகுப்புறச் சாய்ந்தது. விழுகிற வண்டியை இன்னும் கீழே தள்ளுவதாவது! ஸ்டிக்கை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டான். இழுக்க இழுக்க விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடி முழுக்க மலை ஏறி வந்தது.

"அண்ணாமலையாரே!"

இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன.

விட்ட ஸ்டிக் தானாக முன்னால் போனது. வேகம் பிடித்து இறக்கையில் காற்று ஏறியது. தாமோதரன் மெல்ல நிமிர்த்தினார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

"பஸ் டிரைவர்கூட ஒரு கையாலதான்யா கும்பிடுவான்!"

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனபோது அம்மா ரேணுகாம்பாள் கேட்டாள்: "மேல பறக்கசொல்ல மலையப் பாத்துக் கும்பிட்டியாடா?"

"கும்பிட்டேம்மா."

"அதான் நல்லபடியா வந்துட்ட. ஒவ்வொரு வாட்டியும் மறக்காம கும்பிடு."

வேடியப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.